விருந்தாளிக்கென்று வைத்த ஆறு கட்டில்கள்

அங்கீகாரக் குழு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், செனியா கல்லூரி மாடிக்கூடத்தின் பூட்டைத் திறந்து உள்ளே போய் ஆறு சிகிச்சைக் கட்டில்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வந்திறங்கிய அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. நீல மெத்தைகளின் மேல் பிளாஸ்டிக் உறை. சக்கரங்களில் தொழிற்சாலையில் ஒட்டிய மஞ்சள் நாடா. மூலையில் நின்ற டிரெட்மில்லின் திரைமேல்கூட மெல்லிய தாள் ஒட்டியபடி இருந்தது. வந்து இரண்டு வருஷம் ஆகிறது, ஒரு கீறல் உண்டா, ஒரு கறை உண்டா! அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இத்தனைக்கும் இந்தப் பழக்கத்தை வாய் ஓயாமல் கேலி செய்தவள்தான் செனியா. எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு நல்ல அறை பூட்டிக் கிடக்கும். அதில் நல்ல சோபா, நல்ல தரைவிரிப்பு, கண்ணாடி அலமாரியில் நல்ல காபிக் கோப்பைகள். எல்லாம் விருந்தாளிக்கு. வீட்டுக்காரர்கள் ஐந்து பேரும் சமையலறையில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஸ்லொவேனியாவில் ஒரு மருத்துவமனையில் பதினெட்டு வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய புதிதில், "விருந்தாளி வர்றதுக்குள்ள சோபாவுக்கே வயசாயிடும்" என்று அக்கா வீட்டில் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசியில் அவளும் எங்கள் ஊர்க்காரிதானே, ரத்தம் எங்கே போகும்?

அவள் ஊர் திரும்பியதற்குக் காரணம் ரிஃபெத். சானா ஆற்றங்கரையில், பழைய பின்னலாடை ஆலை இருந்த கட்டடத்தில் நடக்கும் சின்னக் கல்லூரிக்கு முதல்வர். புதிதாகப் பிசியோதெரபி பட்டப்படிப்பு தொடங்கப்போகிறோம், தலைமை ஏற்க வா என்று அவர் கூப்பிட்டார். அங்கீகாரத்தைப் படிப்பை நடத்திக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கீகாரம் இல்லாத படிப்பில் பெற்ற பிள்ளையை யார் சேர்ப்பார்கள்? செனியா வீடு வீடாகப் போனாள். பதினெட்டு நல்ல அறைகளில் பதினெட்டு நல்ல சோபாக்களில் உட்கார்ந்து, "பட்டம் செல்லும். அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பதினெட்டுப் பேரும் இப்போது கடைசி வருஷத்தில் இருந்தார்கள். அங்கீகாரம் வராவிட்டால் அவர்களை உரிமத் தேர்வுக்கே விடமாட்டார்கள். மூன்று வருஷப் படிப்பும் வெறும் காகிதம்.

புதுக் கட்டில்கள் அவர்களுடைய இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் வந்தன. குழு மூன்றே மாதத்தில் வருகிறது என்றார்கள். "அதுவரைக்கும் பசங்க கை படாம இருக்கட்டும். குழு பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் நமக்குத்தானே" என்று செனியாதான் பூட்டினாள், வேறு யாரும் இல்லை. மூன்று மாதத்தில் தேர்தல் வந்தது, குழு வரவில்லை. பிறகு நிபுணர் ஒருவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, வரவில்லை. பிறகு என்ன காரணமோ, அதுவும் ஒரு கடிதத்தில் வந்தது. பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது. செய்முறை வகுப்பெல்லாம் முதல் வருஷத்தில் எங்கே நடந்ததோ அங்கேயே, ஆலையின் பழைய சலவைக்கூடமாக இருந்த நிலவறையில், சிகிச்சைக்கு வரும் ஊர்க்காரர்களை வைத்து நடந்தது.

ஆனால் குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில், "மாணவர்கள் நவீன வசதி கொண்ட மாடிக்கூடத்தில் பயிற்சி பெறுகிறார்கள்" என்று இருந்தது. அதையும் எழுதியவள் செனியாதான். எழுதியபோது, இன்னும் கொஞ்ச நாளில் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தாள்.

தரை துடைக்கும் கோலோடு ஜெனீத்தா வாசலில் வந்து நின்றாள். பேருந்து ஓட்டுநர் மகள், வகுப்பில் கைராசிக்காரி என்று பெயர் எடுத்தவள்.

"மேடம், செருப்பைக் கழட்டிட்டு வரணுமா?"

"பின்னே?"

"இல்ல, ஆஸ்பத்திரியில செருப்போடதானே நடப்போம். அதான் கேட்டேன்."

"வாயைப் பாரு. உறையை எல்லாம் கழட்டு, கிழிக்காம. மடிச்சு அலமாரியில வை. அவங்க போனதும் திரும்பப் போட்டுடலாம்."

ஜெனீத்தா பிளாஸ்டிக்கைப் புடவை மாதிரி பார்த்துப் பார்த்து மடித்தாள். செனியா அந்த மடிப்புகளுக்கு நடுவே லாவெண்டர்ப் பூப் பொட்டலம் ஒன்றையும் செருகினாள். பிளாஸ்டிக்குக்கு எதற்கு லாவெண்டர் என்று நீங்கள் கேட்கலாம். கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

"நாளைக்கு எங்களை ஏதாவது கேட்டா?" என்றாள் ஜெனீத்தா, மடித்தபடியே.

செனியா லாவெண்டர்ப் பொட்டலத்தை இன்னும் உள்ளே தள்ளினாள். "அறிக்கையில இங்கதான் பழகுறோம்னு இருக்கு" என்றாள்.

"புரிஞ்சுது மேடம்."

அந்தப் 'புரிஞ்சுது'வுக்கு என்ன அர்த்தம் என்று செனியாவுக்குத் தெரியும். ஆனாலும் அலமாரியைச் சாத்திவிட்டுக் கீழே போனாள்.

மறுநாள் காலை மூன்று பேர் வந்தார்கள். தலைநகர் சரயேவோவிலிருந்து சட்டப் பேராசிரியர் ஒருவர், அவர்தான் தலைவர். கோப்புகளை மட்டுமே பார்க்கும் ஒரு இளைஞர். மூன்றாவது ஆள் மோஸ்தாரிலிருந்து வந்த ரூஷிட்சா, மூவரில் இந்தத் தொழில் தெரிந்த ஒரே ஆள். ஐம்பத்தைந்து வயது, குட்டை முடி, பேச்சு கம்மி.

விருந்தாளிகள் உள்ளே போட்டுக்கொள்ள ரிஃபெத் வாசலில் மூன்று ஜோடிப் புது உள்செருப்புகளை வரிசையாக வைத்திருந்தார். தலைவரின் பாதம் பாதிதான் நுழைந்தது, குதிகால் வெளியே தொங்கியது. மேசையில் செம்புக் குவளையில் நுரை தளும்பக் காபி, லோக்கும் மிட்டாய், உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட பீட்டா இரண்டு வகை.

"மன்னிக்கணும்" என்றார் தலைவர். "தண்ணி மட்டும் போதும். முடிவுல கையெழுத்து விழற வரைக்கும் உங்க கையால ஒரு வாய் காபிகூட நாங்க குடிக்கக் கூடாது. விதி."

"காபிகூடவா?" ரிஃபெத்துக்குக் கண்ணீரே வந்துவிடும் போலிருந்தது. "என் மனைவி விடியக்காலை எழுந்து மாவு தேச்சா சார்."

"அவங்ககிட்ட என் மரியாதையைச் சொல்லுங்க."

கோப்புகள் பார்த்தார்கள். பாடத்திட்டம், ஆசிரியர்களின் தகுதி, மருத்துவமனையோடு போட்ட ஒப்பந்தம், எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிறகு மாடிக்கூடத்துக்குப் போனார்கள். கதவு திறந்ததும் தலைவர், "அடேயப்பா!" என்றார். ரிஃபெத் பூரித்துப் போனார். ரூஷிட்சா ஒரு கட்டிலின் பக்கத்தில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். மஞ்சள் நாடா! அதை எடுக்க எல்லாருமே மறந்திருந்தார்கள்.

"ஒரு மாணவி வந்து காட்டட்டும்" என்றாள் ரூஷிட்சா. "அறுவை சிகிச்சை முடிஞ்சு மடங்காம இருக்கிற முழங்கால். எப்படி மடக்கிப் பழக்குவீங்க?"

ஜெனீத்தா வந்தாள். அவள் தோழி ஒருத்தி நோயாளியாகக் கட்டிலில் படுத்தாள். கட்டில் லாரியில் வந்தபோது எந்த உயரத்துக்கு இறக்கப்பட்டிருந்ததோ அதே உயரத்தில், முழங்கால் அளவுக்கு இருந்தது.

"உங்களுக்கு வசதியான உயரத்துக்கு ஏத்திக்கோங்க."

ஜெனீத்தா கட்டிலின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அடியில் கைவிட்டுத் துழாவினாள். ஏற்றி இறக்கும் மிதி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் பிரயோஜனம் இல்லை, மின்கம்பி இன்னும் கம்பெனிக் கட்டோடு கட்டிலின் காலில் சுருண்டு கிடந்தது.

"பரவால்ல, நான் இப்படியே செய்யறேன்" என்றாள் ஜெனீத்தா.

கால்களை அகட்டி வைத்தாள். முதுகை வளைக்காமல் தொடையைக் கட்டில் விளிம்பில் முட்டுக் கொடுத்து, உடம்பை அப்படியே கீழே இறக்கினாள். ஒரு கை தோழியின் தொடைக்கு மேல், ஒரு கை கணுக்காலில். கையால் தள்ளாமல் தன் உடம்பின் பாரத்தை முன்னும் பின்னும் மாற்றியே முழங்காலை மடக்கினாள். யார் பார்க்கிறார்கள் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. "வலிச்சா சொல்லு, சொல்லலேன்னா நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்" என்று வழக்கம்போலத் தோழியை மிரட்டவும் செய்தாள்.

ரூஷிட்சா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். "தாழ்ந்த கட்டில்ல வேலை செய்ய யார் சொல்லிக்கொடுத்தாங்க? இப்படி ஒரு நாள்ல வராதே."

"செனியா மேடம்."

"தினமும் இந்தக் கூடத்துலதான் பழகுறீங்களா?"

ஜெனீத்தாவின் முகம் காது மடல் வரை சிவந்தது. "ஆமா. தினமும்."

ரூஷிட்சா முழங்காலுக்கு அடியில் வைக்க ஒரு துண்டு எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தாள். ஆறு பிளாஸ்டிக் உறைகள், இஸ்திரி போட்ட மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக. குப்பென்று லாவெண்டர் வாசனை வந்தது.

"இது?" என்றாள்.

"தூசி! இங்க ஆத்துப் பக்கம் தூசி ஜாஸ்தி, அதனால வாராவாரம்..." என்று ஆரம்பித்தார் ரிஃபெத். வாராவாரம் என்ன என்று அவருக்கே தெரியவில்லை. அசடு வழிந்தது.

செனியா ஜெனீத்தாவைப் பார்த்தாள். அந்தப் பெண் கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். நாளைக்கு நோயாளியிடம், வலிக்காது என்றோ சரியாகிவிடும் என்றோ சொல்லும் முன்னால் நூறு தடவை யோசி என்று இதே பெண்ணுக்கு மூன்று வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது யார்?

"அந்தப் பொண்ணு எனக்காகப் பொய் சொல்றா" என்றாள். "இந்தக் கூடத்தைப் பூட்டி வச்சது நான். உங்களுக்காகப் பூட்டி வச்சேன். ரெண்டு வருஷமா யாரும் இந்தக் கட்டிலைத் தொட்டதில்ல."

"செனியா!" என்றார் ரிஃபெத், பல்லைக் கடித்துக்கொண்டு.

தலைவர் பேனாவை எடுத்தார். "அறிக்கையில எழுதினது உண்மை இல்லைன்னு சொல்றீங்களா?"

"கூடத்தைப் பத்தி எழுதினது பொய். ஒவ்வொருத்தரும் அறுநூறு மணி நேரம் நோயாளிகளைத் தொட்டுப் பழகினது நெஜம். கீழ வாங்க, காட்டறேன்."

"கீழ ஸ்டோர் ரூம்தான் சார், ஒண்ணும் இல்ல" என்று ரிஃபெத் கையை விரித்துக்கொண்டு வழியில் நின்றார். பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விருந்தாளியை யாராவது சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போவார்களா? ரூஷிட்சா அவரைச் சுற்றிக்கொண்டு படியில் இறங்கிப் போயே விட்டாள்.

நிலவறையில் யாரும் இருக்கக் கூடாது. அன்றைக்கு வரவேண்டாம் என்று நோயாளிகளுக்கெல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் உள்ளே ஒரு கட்டிலில் சுல்ஃபோ உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், தொண்ணூறுகளில் நடந்த யுத்தம் முடிந்த மறு வருஷம் விறகு பொறுக்கப் போய்க் கண்ணிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே விட்டவர். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்.

"அண்ணே! வராதீங்கன்னு சொன்னேனே?"

"சொன்ன. எனக்குச் சொன்ன, என் காலுக்குச் சொன்னியா? அதுக்கு வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமைதான்" என்ற சுல்ஃபோ, பின்னால் வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, இவங்கதானா அந்த விருந்தாளிங்க? ரெண்டு வருஷமா இவங்களுக்காகத்தானா எங்களை மாடிப்படி ஏற விடாம வச்சிருந்த? ஆளுங்க பார்க்கச் சாதாரணமாத்தானே இருக்காங்க!"

ஜெனீத்தாவுக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கோப்புப் பார்க்கும் இளைஞரும் சிரித்துவிட்டார்.

நிலவறையில் ஐந்து கட்டில்கள். பழைய பள்ளிக்கூடக் கதவுகளுக்குக் கால் வைத்து, ரெக்சின் அடித்துச் செய்தவை. ஒற்றைக் காலோடு வருகிறவர்கள் ஏறாமலே உட்காரட்டும் என்று வேண்டுமென்றே தாழ்வாகச் செய்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலின் விளிம்பிலும் ஒரே இடத்தில் ரெக்சின் தேய்ந்து உள்ளே துணி தெரிந்தது. நிற்கிறவர் தொடையை முட்டுக் கொடுக்கும் இடம் அது. ரூஷிட்சா அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த கட்டில், அதற்கு அடுத்தது என்று ஐந்தையும் தொட்டாள். தரையில் நடை பழகுகிறவர்களுக்காகப் பாதங்கள் வரைந்திருந்தன. மிதிபட்டு மிதிபட்டு அழிந்து, மேலே மேலே வேறு வேறு நிறத்தில் வரைந்தவை. அலமாரியில் நோயாளிக்கு ஒன்றாக எழுபது நோட்டுகள் இருந்தன. எந்த நாள், எந்த மூட்டு, எத்தனை பாகை மடங்கியது, யார் பார்த்தது என்று எல்லாமே எழுதியிருந்தது. அட்டைகளில் காபிக் கோப்பை வைத்த வட்டங்கள்.

ரூஷிட்சா நின்றபடியே நோட்டுகளைப் படித்தாள். நாற்பது நிமிஷம். தலைவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். சுல்ஃபோ தன் நோட்டின் முறை வந்ததும், "அதுல என் எடையையும் எழுதியிருக்காங்க. சத்தமாப் படிக்காதே, தாயே" என்றார்.

போகும்போது தலைவர் சொன்னது இவ்வளவுதான்: "முடிவை இங்க சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, பொய்யான அறிக்கைங்கிறது சின்ன விஷயம் இல்ல." ரூஷிட்சா கை குலுக்கினாள். கார் பாலத்தைத் தாண்டும் வரை ரிஃபெத் வாசலிலேயே நின்றார்.

"பதினெட்டுக் குடும்பம் செனியா" என்றார் திரும்பாமலே. "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றாள் செனியா.

மறுநாள் காலை அவள் பதினெட்டுப் பேரையும் மாடிக்கூடத்துக்குக் கூப்பிட்டாள். வாசலில் பழக்கதோஷத்தில் எல்லாரும் செருப்பைக் கழற்றப் போனார்கள். "வேண்டாம், அப்படியே வாங்க" என்றாள். பிறகு சொன்னாள்: "என்ன முடிவு வரும்னு எனக்குத் தெரியாது. அங்கீகாரம் வராமலும் போகலாம். உங்க வீட்டுல வந்து நான் பொறுப்புன்னு சொன்னேன். உங்களுக்குன்னு வந்ததை யாரோ வந்து பார்க்கணும்னு ரெண்டு வருஷம் பூட்டி வச்சேன். தப்பு என் மேல. ஜெனீத்தா, உன்னைப் பொய் சொல்ற இடத்துல நிக்க வச்சதுக்கு மன்னிச்சிடும்மா."

ஜெனீத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அப்போ அந்த மிதி எங்கதான் இருக்கு மேடம்?"

அவ்வளவுதான், கூடம் சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருத்தன் மின்கம்பியைப் பிரித்தான், ஒருத்தி கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு கூரை வரை ஏற்றச் சொன்னாள். நாடாவை உரிக்கப் போட்டி நடந்தது. ஆள் அனுப்பிச் சுல்ஃபோவை வரவழைத்து, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவரோ கட்டிலைப் பார்த்ததும் பின்வாங்கினார். "வேண்டாம்ப்பா, புதுசு. என் கால்சட்டை ஆத்துல மீன் பிடிச்ச கால்சட்டை. கீழ ஏதாவது விரிச்சாத்தான் உட்காருவேன்."

"ஒண்ணும் விரிக்க முடியாது. அப்படியே உட்காருங்க" என்றாள் செனியா.

"அப்போ அந்த பிளாஸ்டிக்கையாவது..."

"அதை நீங்களே வீட்டுக்குக் கொண்டு போங்க. மிளகாய்ச் செடிக்குப் போத்துங்க."

அவர் நிஜமாகவே ஆறையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார், லாவெண்டர்ப் பொட்டலத்தோடு.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ரிஃபெத் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் செனியா வாங்கிப் படித்தாள். முடிவு நிறுத்தி வைக்கப்படுகிறது. அறிக்கையைத் திருத்தி அனுப்ப வேண்டும். இரண்டு மாதத்துக்குள் குழுவில் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வருவார். அவர் பார்த்ததை வைத்து அங்கேயே உண்டு அல்லது இல்லை என்று கையெழுத்திடுவார், அதுவே முடிவு.

"முன்னறிவிப்பு இல்லாமலா!" ரிஃபெத்துக்கு அதுதான் தாங்க முடியவில்லை. எங்கள் ஊரில் சொல்லாமல் வருகிற விருந்தாளியை நினைத்தாலே நல்ல நல்ல குடும்பங்கள் நடுங்கும். அவர் தினமும் காலையில் உள்செருப்புகளை வரிசையாக வைத்துக் காத்திருந்தார். ஒரு வாரம் வைத்தார், இரண்டு வாரம் வைத்தார். நோயாளிகள் அவற்றைப் போட்டுக்கொண்டு நடந்து, ஒற்றை ஒற்றையாகத் தொலைத்தார்கள். பிறகு அவரும் விட்டுவிட்டார். செனியா நிலவறையையும் மூடவில்லை, மாடியையும் பூட்டவில்லை. இரண்டிலும் வகுப்பு நடந்தது. அறிக்கையைத் திருத்தி எழுதினாள். முதல் வரியிலேயே நிலவறையை வைத்தாள்.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. மாடிக்கூடத்தில் ஆறு கட்டிலிலும் ஆள் இருந்தது. சுல்ஃபோவுக்குப் புதுச் செயற்கைக் கால் வந்த முதல் நாள். அவர் நடை பழகும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். செனியா அவருக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, ஒரு கையால் பொருத்திய இடத்தையும் மறு கையால் இடுப்பையும் தாங்கியிருந்தாள். அப்போது ரிஃபெத் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"வந்துட்டா! மோஸ்தார்க்காரி! செனியா, எழுந்திரு!"

ரூஷிட்சா ஏற்கெனவே வாசலில் நின்றாள். காலணி முழுக்கச் சேறு. உள்செருப்பைத் தேடிப் பார்த்தாள், ஒரே ஒரு இடது கால் செருப்பு கிடந்தது. காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தாள்.

செனியா எழுந்து போய்க் கை கொடுக்க வேண்டும், வாங்க என்று சொல்ல வேண்டும், தலைமுடியைச் சரி செய்ய வேண்டும். பிறந்ததிலிருந்து பழகியது அதுதான். சுல்ஃபோவின் கால் அவள் கைக்குள் நடுங்கியது. கையை எடுத்தால் விழுவார்.

"எழுந்திருக்க முடியாது" என்றாள் திரும்பிப் பார்க்காமலே. "எங்க இடம் இருக்கோ அங்க உட்காருங்க."

ரிஃபெத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரூஷிட்சா ஜன்னலோரம் ஒரு முக்காலியில் இருந்த யாரோ ஒருவருடைய ஈரக் குடையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சுல்ஃபோ ஓரடி வைத்தார். "மாஷா அல்லாஹ்!" என்று ஒரு கட்டிலிலிருந்து குரல் வந்தது. "சத்தமாச் சொல்லுடா, கண்ணு படாம இருக்கட்டும்" என்று சுல்ஃபோ அதட்டினார். இன்னொரு அடி. அந்தப் பக்கம் ஜெனீத்தா ஒரு பாட்டியின் தோளைப் பிடித்துப் பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், பாதத்தால் மிதியைத் தேடி அழுத்திக் கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினாள். ரூஷிட்சா அதைப் பார்த்தாள். பிறகு எழுந்து டிரெட்மில்லின் திரையில், அது இதுவரை ஓடிய மணி நேரத்தைக் குறித்துக்கொண்டாள். திரை முழுக்க விரல் ரேகை. ஒரு கட்டிலின் மெத்தையில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தது. அலமாரியைத் திறந்தாள். பாதி தின்ற உருளைக்கிழங்கு பீட்டா, யாருடையதோ காலுறை, அளவு நாடா, துண்டுகள். மூடினாள்.

முக்கால் மணி நேரம் அப்படியே போனது. சுல்ஃபோ கம்பியின் அந்த முனைக்குப் போய்த் திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார். வேர்த்து ஊற்றியது. அழுதாரோ என்னவோ, கேட்டால் வேர்வை என்பார். செனியா அப்போதுதான் கையை எடுத்தாள். விரல்கள் மரத்துப் போயிருந்தன. எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், தரையிலேயே உட்கார்ந்தபடி ரூஷிட்சாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ரூஷிட்சா முக்காலியில் உட்கார்ந்து மடியில் காகிதம் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள், ஏதோ ஒரு கட்டத்தில் குறியிட்டாள், கீழே கையெழுத்துப் போட்டாள். கோப்பை மூடினாள். பேனாவுக்கு மூடி போட்டாள்.

"இப்போ ஒரு காபி கிடைக்குமா?" என்றாள்.

செனியாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு கோப்பைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். கையெழுத்து விழுகிற வரைக்கும் ஒரு வாய் காபிகூட ஆகாது. 'இல்லை' என்று எழுதிவிட்டு யாராவது காபி கேட்பார்களா? இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் முன்னால், கூச்சமே இல்லாமல் அழுதாள்.

"என்னாச்சு? இல்லைன்னுட்டாங்களா?" என்று காது மந்தமான பாட்டி கட்டிலிலிருந்து சத்தமாகக் கேட்டாள். ஜெனீத்தா அவளைக் கட்டிப்பிடித்து, "காபி கேக்குறாங்க பாட்டி! காபி கேக்குறாங்க!" என்று கத்தினாள்.

ரிஃபெத் பறந்தார். தன் அறையில் கண்ணாடி அலமாரியில் பொன்விளிம்பு வைத்த கோப்பைகள் இருக்கின்றன, நிமிஷத்தில் கொண்டு வருகிறேன் என்றார்.

"அதை விடுங்க" என்றாள் செனியா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நிலவறையில இருக்கு பாரு ஜெனீத்தா, நம்ம கோப்பை. அதையே கொண்டு வா."

ஜெனீத்தா படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். கொண்டு வந்தவற்றில் ஒன்றுக்கும் விளிம்பு முழுசாக இல்லை. ரூஷிட்சா ஒன்றைத் திருப்பிப் பார்த்து, உடையாத பக்கமாக வாயை வைத்துக் குடித்தாள்.